சுவான போஜன விசாரம்: பொருநைக் கரை வழக்கை அடியொற்றிய ஓர் ஆராய்ச்சி

பொருநை நதி பொதிகையிற் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களின் வாய்க்கால்களையெல்லாம் நிறைத்துப் புன்னைக்காயலருகே கடலைச் சேரும் வரையிலுள்ள சற்றேறக்குறைய 128 கிலோமீட்டர் தூரத்தில், பொழுது சாய்ந்தபின் எந்தத் தெருவிற் புகுந்தாலும், ஏதேனும் ஒரு வீட்டுப் புறவாசலில் ஒரு நாய் அமர்ந்து அடுப்படியை நோக்கி ஏகாக்ர சித்தத்தோடு தவமிருப்பதைக் காணலாம். அத்தவத்தின் பலனாக அதற்குக் கிட்டுவது யாது, அதைப் பொங்கும் முறை என்ன, அம்முறைக்குப் பிரமாணம் எங்கே என்பனவற்றைத் தெளிவிக்க நம்மிடம் ஒரு நூலும் இல்லை. யாப்புக்கு விருத்தியுரையும், அவ்வுரைக்கு விளக்கமும், அவ்விளக்கத்துக்கு மறுப்பும் பெற்றுவிட்ட தமிழுலகம், நாய்ச்சோற்றை இவ்வளவு காலம் அநாதரவாக விட்டது பெருங்குறையேயாம். அக்குறையை நீக்கவே, யாரும் கேளாதிருக்கவும், இவ்வாராய்ச்சியை மேற்கொண்டேன்.

எந்த ஆராய்ச்சியும் சொற்பிறப்பிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது வித்துவான்களின் சம்பிரதாயம். பொருளைப் பற்றி ஏதும் தெரியாதபோது சொல்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அச்சம்பிரதாயத்தின் இரகசியம். நாய்க்கு ஞமலி, ஞாளி, சுணங்கன் எனப் பெயர்கள் பல உண்டு. தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப் பெயர் குருளை என விதித்தார். அக்குருளைக்கு எத்தனை வேளை சோறிடவேண்டும் என்பதை விதித்தாரில்லை. அதைக் கூறிய சூத்திரம் கரையானால் அழிந்திருக்கவேண்டும் என்று துணிகிறேன். இல்லாத நூலை இருந்து அழிந்ததாகக் கொள்வது நம்மவர்க்குப் புதிதன்று. நா தொங்குவதால் நாயாயிற்று என்பாரும் உளர். அது பொருந்தாது, நிழலில் நாவை உள்ளிழுத்துக்கொண்டு படுத்திருக்கும்போதும் அதனை நாம் நாய் என்றே அழைக்கிறோம். இப்பக்கத்தில் நாய்க்குப் பொங்குவது நொய். அதாவது அரிசி உடைந்தது குருணை, குருணையும் உடைந்தது நொய். நொய் உண்பது நாய். ஒகரம் ஆகாரமானது எங்ஙனம் எனின், பசித்த வாய் அகலத் திறக்கும் என்க. 1841-ல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாருக்கு இவ்வுறவு தோன்றாமற் போனது, அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப்பாராததன் விளைவே போலும். (ஆதாரம்: ஆச்சி, அடுப்படி.)

இதிகாச ஆதாரம் ஒன்று உண்டு. மகாபாரதத்து ஆதிபருவத்தில், ஜனமேஜயனுடைய வேள்விச்சாலையுட் புகுந்த நாயொன்றை அவன் தம்பியர் அடித்து விரட்டினர். அது அவியுணவை நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. அதன் தாய் சரமை வந்து நியாயம் கேட்டபோது ஒருவரும் வாய்திறக்கவில்லை. சோறு வையாமல் பழியை மட்டும் வைக்கும் வழக்கம் அத்துணைப் பழமையானது.

சரித்திர ஆதாரம் பாஞ்சாலங்குறிச்சியினது. அங்கே வேட்டைநாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டிற்று என்றும், அம்மண்ணின் வீரத்தை வியந்தே அவ்விடத்திற் கோட்டை எழுந்தது என்றும் வழங்கும் கதையை யாவரும் அறிவர். மண்ணைப் புகழ்ந்தோர் உளர். முயலைப் புகழ்ந்தோர் உளர். அந்நாய்கள் முந்தின இரவு என்ன தின்றன என்று விசாரித்தவர் ஒருவரும் இலர். விருந்து வீட்டு மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்பது என் சித்தாந்தம். இதற்கு ஆதாரம் இல்லை. எனினும் மறுப்பதற்கும் ஆதாரம் இல்லையாகலின், சித்தாந்தம் நிலைபெறுகிறது.

இனித் தேச பேதம் கூறுவாம். சிப்பிப்பாறை, கன்னி எனும் மெல்லிடை வேட்டைநாய்கள் கரிசற்காட்டுப் பிறவிகள். கம்பங்கூழும் கேப்பைக்களியும் மோரும் அவற்றின் பரம்பரை ஆகாரம். அவற்றின் பங்காளியாகிய இராஜபாளையத்து வெள்ளை நாயின் உருவை அஞ்சல் துறை 2005-ல் தபால்தலையிற் பொறித்து, உடன் வெளியான இமாலய மந்தைநாய், இராம்பூர் நாய், முதோள் நாய் ஆகிய மூன்றுக்கும் தலைக்கு 5 ரூபாயும் இதற்கு 15 ரூபாயுமாக மதிப்பிட்டது. ஆயினும் அத்தலையை நக்கி ஒட்டும் உரிமை மட்டும் மனிதருக்கே ஒதுக்கப்பட்டது. ஆற்றுப்பாய்ச்சலிலுள்ள நாய்க்கு இனப்பெயர் கிடையாது, தபால்தலையும் கிடையாது. காரும் பிசானமும் விளையும் வயல்களின் நடுவே பிறந்துவிட்டமையால் அதற்குச் சோறே கதி. அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் நாட்டுக்களித்த அம்பை-16 என்னும் குட்டை மோட்டா ரகத்தின் நொய், குழைவதில் இணையற்றது. நெய்தல் நிலத்து நாய் மீன்முள்ளைத் தானே ஆய்ந்து உண்ணும். அதற்கு ஆய்வாளர் வேண்டியதில்லை.

நாய் ஊனுண்ணும் பிராணியாயிற்றே, அதற்குச் சோறு ஆகுமோ என்று வினவுவார்க்கு விடை: ஓநாயின் உடலில் மாவுப்பொருளைச் செரிப்பிக்கும் அமிலேஸ் மரபணு இரண்டு படிகளே உண்டென்றும், வீட்டு நாய்க்கு நான்கு முதல் முப்பது படிகள் வரை உண்டென்றும் ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையினர் 2013-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். மனிதனை அண்டி வாழ்ந்து, அவன் தானியத்தைப் பகிர்ந்து தின்றதால் வந்த மாறுதல் இது. இதையே, "சோறு தின்னு பழகுன சென்மம்லா அது" என்று நம்மவர் முன்னரே சூத்திரித்துள்ளனர். (ஆச்சி, அடுப்படி, வெள்ளிக்கிழமை மாலை, முறத்தில் நொய் புடைக்கையில்.)

விலக்குவன வருமாறு. உப்பு: வேண்டாம். அல்வா: நாய்க்கு அல்வா கொடுக்கலாகாது, இத்தொடரின் ஏனைய பொருள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. சொதி சற்று விரிவாக ஆராயத்தக்கது. மறுவீட்டு விருந்தின் மகுடமாகிய அச்சொதியில் தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சிச்சாறு, பூண்டு, உள்ளி யாவும் சேரும். நம்மூரில் உள்ளி என்பது சின்ன வெங்காயமே. உள்ளியும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. தேங்காய்ப்பாலின் கொழுப்போ வயிற்றைக் கலக்கும். ஆகவே விருந்து முடிந்ததும் மிஞ்சியதையெல்லாம் ஒன்றாய்க் கொட்டி, "பாவம், அதுவும் தின்னட்டும்" என்று வைப்பது தயையன்று. பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இருதயத்தைப் படபடக்க வைக்கும். வெந்த கோழி எலும்பு ஊசிபோற் பிளந்து குடலிற் குத்தும். சோறும் கறியும் மட்டுமே நெடுங்காலம் உண்ணும் நாய்க்குச் சுண்ணாம்புச்சத்துக் குறையுமாதலால், முட்டையோட்டை உலர்த்திப் பொடித்துச் சிறிது சேர்ப்பாரும் உண்டு. அளவை இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியிற் கேட்டறிக; இக்கட்டுரை அறிவுக்கானதேயன்றி உபயோகத்துக்கானதன்று.

இப்போது பாத்திரத்துக்கு வருகிறோம். உணவைக் காட்டிலும் உணவிடும் பாத்திரமே ஆராய்ச்சிக்கு உகந்தது. உணவை நாய் தின்றுவிடுகிறது, பாத்திரம் எஞ்சிநிற்கிறது. நாய்ச்சட்டியை யாரும் கடையில் வாங்குவதில்லை. ஒரு சட்டி காலகதியில் நாய்ச்சட்டி ஆகிறது. பிரமசரியத்தில் அது கலியாணச் சீர்வரிசையில் மினுங்கி, பின் பரண்மேல் எவர் கையும் படாமல் இருக்கும். கிருகஸ்தாசிரமத்தில் குழம்புக்கும் ரசத்துக்கும் ஆட்பட்டு, அடிபிடித்து, கரண்டியடி பட்டு, விளிம்பு நெளியும். வானப்பிரஸ்தத்திற் புறவாசல் சென்று, மருதாணியும் சுண்ணாம்பும் தாங்கும். கடைசியில், எதிலும் பற்றற்று, நாயின் முன் சந்நியாசியாய் அமரும்.

எங்கள் வீட்டுச் சட்டியின் விளிம்பில், பாத்திரக்கடைக்காரர் புள்ளி எழுத்தால் வெட்டிய சாசனம் ஒன்று உளது. இன்று வாசிக்கக் கிடைப்பது '...ம்மாள்' என்பதும், அதன்பின் '19' என்பதுமே. முன்னெழுத்துக்கள் சாம்பலிட்டுத் துலக்கியதில் தேய்ந்தன. பின்னெண்களை நாய் நக்கி அழித்தது. கரையானால் அழிந்த ஏடும் கடலால் அழிந்த நூலும் நாம் கேட்டவை. நக்கலால் அழிந்த சாசனம் இஃதொன்றே. இது கொள்ளுப்பாட்டியாரின் பெயர் எனப் பெரியப்பா கொள்வர். ஒரு கலியாண வீட்டில் மாறிவந்த அயலார் பாத்திரம் எனச் சித்தி கொள்வர். அதே கலியாணத்தில் எங்கள் தவலையொன்று காணாமற்போனதை அவர் சான்று காட்டுவர். (சித்தி, தொலைபேசி வாயிலாக, இணைப்பு பாதியில் அறுந்தது, எஞ்சிய பாதியை எதிர்வீட்டு மதினி மதில்வழியே கேட்டு உறுதிசெய்தார், ஒப்புநோக்குக: மளிகை நோட்டு, பின்னட்டையின் உட்புறம், பால்கணக்குக்கும் சலவைக் கணக்குக்கும் இடையே பென்சிலால் எழுதப்பெற்று, நல்லெண்ணெய்க் கறையால் மறைந்து, வெயிலிற் பிடித்தால் மட்டும் தென்படும் பாகம்.) '19' என்பது ஆண்டின் முற்பகுதி என இருவரும் உடன்படுவர். நான் இருவரையும் மறுக்கிறேன். அது சட்டியின் வரிசையெண். ஆகவே மற்றைப் பதினெட்டு நாய்ச்சட்டிகளும் எங்கள் புறவாசலில் முருங்கைமரத்தடியிற் புதையுண்டு கிடக்கவேண்டும். ஆகவே அகழ்தற்கு நிதி வேண்டும். ஆகவே எங்கள் புறவாசல் நாகரிகம் ஆற்றின் கீழ்த்திசையிலுள்ள ஆதிச்சநல்லூரினும் தொன்மையானது என்னும் முடிவு இன்னும் இரண்டு வரி தூரத்திலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்த வித்துவான் எவரும் அவ்விரண்டு வரிக்குத் தயங்கி நான் கண்டதில்லை.

இவ்விடத்தில் ஆச்சி அறைக்குள் வந்தார்.

"ஏல, விளக்க வச்சப்பம் உக்காந்தவன், இன்னும் அங்ஙன என்னத்தல எழுதிக்கிட்டு இருக்க?"

"நாய்க்குச் சோறு பொங்குறதப் பத்தி, ஆச்சி."

"அதுல என்னல இருக்கு எழுத? ரெண்டு கை நொய்யப் போட்டு, கோழிக்கடையில நாய்க்குன்னு கேட்டா கழுத்து, காலு, ஈரல்னு குடுப்பான், அதையுஞ் சேத்து, உப்பு, உள்ளி ஒண்ணும் போடாம கொழைய வேகவிடு. எலும்ப எடுத்து வெளிய போட்டுட்டு, ஆறுனதும் வை. அவ்வளவுதாம்லா."

இது மூலம், மேலே கூறிய யாவும் இதற்குப் பாயிரம். இதில் 'ஆறுனதும்' என்னும் சொல் பெரிதும் விவாதத்துக்குரியது: சூடு தணிதலா, முற்றக் குளிர்தலா, விரலிட்டு அறிவதா, ஆவியடங்கக் கண்டு அறிவதா என்பவற்றை இரண்டாம் பாகத்தில் விரிக்கலாம் எனக் கருதி, பிரத்தியட்சமாகச் சோதிக்கும் பொருட்டுப் புறவாசலுக்குச் சென்றேன். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. சட்டி காலியாகக் கிடந்தது. அன்று அதில் நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை. நாய், எதிர்வீட்டு மதினி வைத்த தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டு அவர்கள் திண்ணையிற் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது.