கேளுங்கள், சொல்கிறேன்

மியான்மரின் டாலா பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, பச்சைக் கீழாடை. தனித்தன்மைக்கு எங்கே இடம்?

கன்னத்தில்! தனக்கா என்னும் மரப்பட்டைப் பூச்சைக் கவனியுங்கள். ஒருத்திக்கு வட்டம், அடுத்தவளுக்கு இலை, கடைசி பெஞ்சுக்காரனுக்கு மூக்கின் மேல் ஒரு கோடு. பாவம், டீச்சருக்கும் அதே பச்சைதான்.

அங்கே வகுப்பே கோரஸாக ஒப்பிப்பதில் என்ன தப்பு?

தப்பென்ன, வசதிதான். தெரியாதவன் வாயசைத்தால் போதுமே! ஆனால் ஆற்றைக் கடக்கும் பான்சோடான் படகு போய்வருவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் புத்தகத்து ஆற்றைத்தான் எழுதுகிறது. மனப்பாடத்தைக் குறைக்கவே 2016-இல் புதிய பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். நடுநிலைக்கு 4 ஆண்டு என்று வகுப்புகளைப் பிரித்தாயிற்று. பழக்கத்தைப் பிரிப்பதுதான் பாக்கி.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழுதாம்?

கோனார் நோட்ஸ் விற்ற ஊரிடம் கேட்கிற கேள்வியா இது? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் மேடையேறலாம். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். என்ன, அங்கே பரிசு வாங்கிய பையன் மறுநாள் கணக்கு பீரியடில் பெஞ்சில் தாளம் போட்டால், மணியடிக்கும் வரை வராந்தாவில் நிற்பான்.