எந்தப் பேப்பர்ல?

டீக்கடை பெஞ்சில் யாராவது பரபரப்பாக ஒரு சேதி சொன்னால், அப்பா முதலில் கேட்பது, "எந்தப் பேப்பர்ல போட்டிருக்கான்?" முரசொலி என்றால் தி.மு.க. பக்கம், தீக்கதிர் என்றால் மார்க்சிஸ்ட் பக்கம். இது ஊருக்கே தெரியும். மூட்டையை எடை போடும்போது சாக்கு எடையைக் கழிப்பதுபோல, அந்தச் சாய்வைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள்.

1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டது. ஆகாசவாணி அறிவித்தது மாலை 6 மணிக்கு. அன்று அப்பா ரேடியோ குமிழை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. "கவர்மெண்ட் ரேடியோவுல என்ன சொல்றான்னு மட்டும் பார்க்காதடா, என்ன சொல்லலைன்னும் பாரு" என்றார்.

2018 மே மாதம். அக்கா குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ போட்டாள். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்; பைக்கில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். சட்டென்று முடிந்துவிடுகிறது. 'பிள்ளை பிடிக்கிறவங்க நம்ம பக்கம் வந்துட்டாங்க, ஜாக்கிரதை.'

"யாருக்கா அனுப்புனது?"

"நம்ம சித்தி பொண்ணுதான்டா. அவ பொய் சொல்லுவாளா?"

சொல்லமாட்டாள். ஆனால் அவள் எடுத்த வீடியோ இல்லையே அது. அனுப்பியவர் மேல் இருக்கும் பாசம், எடுத்தவர் யார் என்ற கேள்வியையே விழுங்கிவிடுகிறது. அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து, பிள்ளையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை அட்டை ஒன்றைக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

அதே மாதம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு வயதான அம்மா, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஜூலையில் வாட்ஸ்அப், 'ஃபார்வர்டட்' என்று குறிப்புப் போட ஆரம்பித்தது. அனுப்பியவர் எழுதியதல்ல என்பது அதில் தெரியும். எழுதியது யார் என்பது தெரியாது.

அக்காவிடம் முழுப் படத்தைக் காட்டினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தான் அனுப்பிய 11 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒன்பது பேர் எடுத்தார்கள்.