கணிப்பில் பிசகாத பெருமான்

ஆன்டிபாடி மருந்தின் தலையெழுத்தைக் கணினியிலேயே கணித்துச் சொல்லும் மென்பொருளே, உம்மைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது?

செல் வளர்த்து, புரதம் பிரித்து, சூடேற்றிச் சோதிக்க ஆய்வகத்துக்கு மாதக்கணக்காகும். நீரோ அமினோ அமில வரிசையைக் கண்ட மாத்திரத்தில் இது திரளும், இது கெட்டியாகும், இது தேறும் என்று கொடி காட்டிவிடுகிறீர். தொட்டுப் பார்க்காமலே சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அடக்கமான படிப்பு உம்முடையது. 2017இல் அடிமாப் நிறுவனத்தார் 137 ஆன்டிபாடிகளை 12 சோதனைகளில் அளந்து வெளியிட்டார்கள். உம் இனத்தில் பலருக்கு அதுதான் பாடநூல்; சிலருக்கு அதுவே வினாத்தாளும். பிறகு மதிப்பெண்ணுக்கு என்ன பஞ்சம்? சந்தேகப்படுகிறவர்கள் வயிற்றெரிச்சல்காரர்கள்.

உம் சகவாசமும் உயர்ந்த இடத்துச் சகவாசம். அந்த 137இல் 48 அப்போதே அனுமதி பெற்ற மருந்துகள். மற்றவை மனிதப் பரிசோதனையில் இரண்டாம், மூன்றாம் கட்டம் வரை வந்தவை. ஆய்வகத்திலேயே விழுந்தவை அந்தப் பட்டியலில் இல்லை. தோற்றவர் முகத்தையே பாராமல், தோற்கப்போகிறவரை அடையாளம் காட்டும் வித்தை உமக்கு மட்டுமே கைவந்தது.

பெருந்தன்மைக்கும் குறைவில்லை. தோலுக்கடியில் போடும் ஊசியில், பொதுவாக ஒன்றிரண்டு மில்லிலிட்டருக்குள் முழு மருந்தும் அடங்கியாக வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால், சில ஆன்டிபாடிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஊசிமுனையில் இறங்க மறுக்கும். பெரும்பாலும் ஒற்றை மூலக்கூறைத் தனியே நிறுத்திப் பார்க்கும் நீர், கூட்டத்தில் அது என்ன செய்யும் என்று துருவித் துருவிக் கேட்பதில்லை. அடுத்தவர் சேர்க்கையைக் கிளறாத பண்பு!

இரத்தக் கொழுப்பைக் குறைக்க வந்த போகோசிசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தைப் பைசர் நிறுவனம் 2016 நவம்பரில் கைவிட்டது. பரிசோதனையில் அதைப் போட்டுக்கொண்டவர்களில் 48 விழுக்காட்டினரின் உடல், மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கியிருந்தது. இன்று உம்மைக் கேட்டால் காரணத்தைப் புட்டுப்புட்டு வைப்பீர். நடந்து முடிந்ததைக் கணிப்பதில் உம்மை மிஞ்ச ஆளில்லை.

உம்மைக் காட்டிலும் மேலானவர்கள் மருந்து நிறுவனத்தார். தோற்றுப்போன ஆன்டிபாடிகளின் சோதனைக் கணக்குகளை வியாபார ரகசியம் என்று பூட்டிவைத்துவிட்டு, "எது தோற்கும், சொல்" என்று உம்மிடமே கேட்கிறார்கள். நீரும் தயங்காமல் சொல்கிறீர். அந்தப் பூட்டு திறக்காதவரை உம் புகழுக்குக் குறைவு வராது. நோயாளிக்குத்தான் மருந்து வராது.