கோப்பையின் காலி முக்கால்: ஒரு முன்னாய்வு

அரபுக் காப்பியைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கோப்பைக்குள் இருந்ததைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஏலக்காய் எவ்வளவு தட்டிப் போடுவது, குங்குமப்பூ சேர்க்கலாமா, கொட்டையை வளைகுடாக்காரர்போல் இளவறுப்பில் இறக்குவதா, ஜோர்டான் பக்கத்தார்போல் கருக வறுப்பதா என்று பக்கம் பக்கமாக வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் ஃபிஞ்சான் என்னும் அந்தப் பிடியில்லாச் சிறு கோப்பையில் கஹ்வா எனப்படும் அக்காப்பி நிற்பது கால் பங்குதான். மற்ற முக்காலும் காலி. பெரும்பான்மையைக் கைவிட்டுச் சிறுபான்மையைத் துருவுவது ஆய்வு நெறியாகாது என்பதால், இக்கட்டுரை அந்த முக்காலை எடுத்துக்கொள்கிறது.

முதற்கண் அளவை. 2015இல் நமீபியாவின் விந்தோக் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார் ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் அரபுக் காப்பியைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றியது. கோப்பையில் கால் பங்கு ஊற்றுவார்கள் என்று அந்தப் பதிவிலேயே கண்டிருக்கிறது. ஒன்றுக்குக் குறையாமல், மூன்றுக்கு மிகாமல் குடிப்பது வழக்கம் என்றும் கண்டிருக்கிறது. வாய்பாடு படித்தவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். மூன்று கால் முக்கால். ஆக, முறை தெரிந்த விருந்தாளி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாலும் ஒரு முழுக் கோப்பையை எட்டுவதே இல்லை. குறைகிற அந்த நாலாவது காலைத்தான் மரபு குறுக்கே நின்று மறிக்கிறது.

மறிப்பானேன்? பாலைநில நாடோடிகளான பதூயின்களின் கூடாரத்தில் ஃபிஞ்சானை விளிம்புவரை நிறைத்து நீட்டினால், குடித்துவிட்டு இடத்தைக் காலி செய் என்று பொருள். யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை, வாசலைப் பார்க்க வேண்டியதில்லை, காப்பியே சொல்லிவிடும். இதிலிருந்து எமது முதல் துணிபு பிறக்கிறது: கோப்பையில் காப்பி ஏற ஏற, விருந்தாளியின் மதிப்பு இறங்கும்.

அற்றேல், நிறைய ஊற்றுவதன்றோ தாராளம் எனின், அன்று. நிறைய ஊற்றியவன் ஒரே ஊற்றில் கடமையைத் தீர்த்துக்கொண்டான். கால் கால் பங்காக ஊற்றுகிறவனுக்கோ விடுதலையே இல்லை. தல்லா எனும் அலகு நீண்ட கூஜாவை இடக்கையிலும் கோப்பை அடுக்கை வலக்கையிலும் ஏந்தி, மஜ்லிஸ் எனும் விருந்தினர் கூடத்தில் எல்லோரும் சாய்ந்திருக்க, அவன் ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருக்கிறான். ஒவ்வொரு கோப்பையும் எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அவன் வேலை. இதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. பிடியில்லாத கோப்பையை நிறைத்தால் விரல் வெந்துபோகும். கால் பங்கு என்றால் மேல்விளிம்பைப் பற்றிக்கொள்ளலாம், ஊற்ற ஊற்றச் சூடும் குறையாது. சரிதான். ஆனால் விரல் சுடுவதற்காக மட்டும் ஒருவன் மணிக்கணக்கில் நிற்கமாட்டான். ஆகவே இயற்பியலை இவ்விடத்தே விட்டுவிடுகிறோம்.

ஒவ்வொரு காலுக்கும் பதூயின் வழக்கில் ஒரு பெயர் உண்டு. விருந்தாளி காண, வீட்டுக்காரர் முதலில் தாமே ஒன்றைக் குடித்துக் காட்டுவார். நஞ்சில்லை என்பதற்குச் சான்று அது, எமது கணக்கில் சேராது. பிறகு வருவது தைஃப், விருந்தாளிக்கு உரிய கோப்பை. அடுத்தது கைஃப், மனம் மகிழ. மூன்றாவது ஸைஃப், அதாவது வாள். அதைக் குடித்தவர், அந்த வீட்டுக்கு எதிரி வந்தால் உடன் நின்று வாளெடுக்கக் கடமைப்பட்டவர். இவ்வளவு சிக்கனமான படைதிரட்டல் முறையை வேறெங்கும் காணோம். மூன்றாவதை வாங்குமுன் அக்குடும்பத்தின் பங்காளிச் சண்டைகளை மெல்ல விசாரித்துக்கொள்வது நலம் என்று பரிந்துரைக்கிறோம்.

வேண்டாம் என்பவருக்கு வழி இருக்கிறது. காலிக் கோப்பையை மணிக்கட்டால் இலேசாக இரண்டு மூன்று தரம் ஆட்டிக் கொடுத்துவிட வேண்டும். இது தெரியாதவர் எத்தனை மொழியில் போதும் என்றாலும், கோப்பை அசையாதவரை ஊற்று நிற்பது கடினம். காப்பி இருக்கையில் ஆட்டினால் சட்டையில் சிந்தும் என்பதை நோக்குக. காலியான கோப்பைக்கே பேச்சுரிமை. பரிமாறும் வரிசை பற்றி நீளமாகச் சொல்வாருண்டு. மூத்தவர் அல்லது முதன்மை விருந்தாளியில் தொடங்கி, அப்புறம் வலப்பக்கமாகச் செல்வதே முறை; காவிய வீரன் அபூ ஸைதே இடப்பக்கம் இருந்தாலும் அவன் காத்திருக்க வேண்டியதே என்று பழமொழி கூறும் என்பதோடு அமைவோம்.

எமது துணிபுக்கு ஒரு பெரிய இடையூறு ஜோர்டானில் இருக்கிறது. பெண் கேட்கவோ, கொலைப்பகை தீர்க்கவோ, ஜாஹா எனப்படும் பெரியவர் கூட்டம் ஒரு வீட்டுக்கு வருகிறது. கஹ்வா வருகிறது. தலைமைப் பெரியவர் வாங்குகிறார், குடிக்காமல் தம் முன்னே வைத்துவிடுகிறார். வந்த காரியம் கைகூடும்வரை தொடமாட்டார். விருந்தாளி காப்பி குடிக்காமல் எழுந்துபோனால் வீட்டுக்குத் தீராத இழுக்கு. எனவே காப்பி ஆற ஆற வீட்டுக்காரருக்கு வேர்க்கிறது. கடைசியில் அவர், உங்கள் காப்பியைக் குடியுங்கள் என்கிறார். அவ்வளவுதான், சம்மதம். பெண் கொடுத்தாயிற்று, அல்லது பகை தீர்ந்தது. இங்கே காரியம் சாதித்தது காப்பி இருந்த கால் பங்கு அல்லவா, முக்காலுக்கு இதில் என்ன வேலை என்று எதிர்க்கட்சியார் கேட்பர். ஊன்றி நோக்கின், கூடியிருந்தவர் அத்தனை பேரும் காத்திருந்தது அந்தக் காலும் காலியாவதற்கே. மறுப்பு எம் பக்கம் சாய்ந்தது. ஆய்வேடுகளில் மறுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் சாய்கின்றன.

முக்காலில் இருப்பது வெறுங்காற்றா என்பதும் ஆராயத்தக்கது. அன்று. ஏலக்காய் மணமேறிய காற்று. காப்பிக்கொட்டை ஏமனிலிருந்து வந்திருக்கலாம். அந்த ஏமன்காரர் பலர் கொட்டையை விற்றுவிட்டு, தோலை இஞ்சியோடு காய்ச்சிக் கிஷ்ர் என்று குடிப்பது தனி ஆய்வுக்குரியது. ஏலமோ, குவாத்தமாலாவிலிருந்தும் நம் மேற்குமலையிலிருந்தும் போகிறது. ஆகவே கோப்பையின் பெரும்பகுதியில் போடிநாயக்கனூர் ஏலக்கூடத்துக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்பது எம் தாழ்மையான கருத்து.

1511இல் மக்காவில் மம்லூக் அதிகாரி காயிர் பேக் காப்பியைத் தடை செய்தார். பிறகு கெய்ரோ அதைத் தளர்த்தியது. கோப்பைக்குள் இருந்தது அவரை அவ்வளவாக உறுத்தியிராது, கோப்பையைச் சுற்றி இரவில் கூடி உட்கார்ந்தவர்களே உறுத்தியிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. அமீரகத்தின் ஒரு திர்ஹாம் நாணயத்திலும் தல்லாதான் பொறிக்கப்பட்டிருக்கிறது, ஃபிஞ்சானுக்கு இடமில்லை. காலி இடத்தை நாணயத்தில் பொறிப்பது தொழில்நுட்பச் சிக்கலாயிருக்கலாம்.

இறுதியாக, சோதனைச் சான்று. ரியாத்திலும் துபாயிலும் இப்போது மேல்நாட்டுக் காப்பிக் கடைகள் பெருகிவிட்டன. அங்கே தாள் கோப்பையை விளிம்புவரை நிறைத்து, மேலே மூடியும் போட்டு நீட்டுகிறார்கள். பதூயின் இலக்கணப்படி இது, குடித்துவிட்டுக் கிளம்பு என்பதற்கும் ஒரு படி மேல்; போகிற வழியில் குடித்துக்கொள் என்பது. வாங்கியவர்களும் பொருள் உணர்ந்தவர்களாய், பணத்தைக் கொடுத்துவிட்டு, கோப்பையோடு வெளியே போய்விடுகிறார்கள்.