எஃப் 6 அழுத்தவும்

எக்ஸ்பி போடப் போகிறேன் என்றால் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் காலத்தில் எதற்கு எக்ஸ்பி என்பதற்கு அசைக்க முடியாத காரணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த எஃப் 6 விவகாரத்தைக் கொட்டிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பழைய கணினியின் மதர்போர்டு செத்துப்போனது. கேபினட் கனத்த இரும்பு, அந்தக் காலத்துச் சரக்கு. அதை எடைக்குப் போட மனசு வருமா? (உங்கள் பரணிலும் ஒன்று இருக்கிறது, நடிக்காதீர்கள்.) செகண்ட் ஹேண்டில் ஒரு போர்டு வாங்கி அதற்குள்ளேயே பொருத்தியாயிற்று. துணிப்பையில் சுற்றி வைத்திருந்த எக்ஸ்பி சிடியைப் போட்டேன். நீலத்திரை வந்தது. அடியில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: வேறு கம்பெனியின் ஸ்கஸி, ரெய்டு டிரைவர் போடுவதானால் எஃப் 6 அழுத்தவும்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் அந்த வரி போய்விடும். எனக்கு ஸ்கஸியும் இல்லை, ரெய்டும் இல்லை, எவன் எதை அழுத்தினால் நமக்கென்ன என்று நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதேதோ ஃபைல்களை எல்லாம் ஏற்றி முடித்து, வரவேற்று, என்டர் தட்டச் சொல்லி, கடைசியில் சொல்கிறது: உங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை. பக்கத்தில் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஹார்ட் டிஸ்க்!

காரணம் இதுதான். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். சாட்டா வட்டோடு ஏஎச்சிஐ முறையில் பேசுகிற போர்டுகள் பரவியது அதற்குப் பின்னால். அந்தப் பேச்சுக்கான டிரைவர் சிடியில் கிடையாது; அதை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். அதற்குத்தான் எஃப் 6. “சாட்டா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, மறுபடி ஆரம்பம். இந்த முறை விரலைப் பொத்தான்மேலேயே வைத்திருந்தேன். வரி வந்தது, அழுத்தினேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு சலனம் இல்லை. சர்க்கார் ஆபீஸ் கவுண்டரில் மனுவை நீட்டினால் நிமிர்ந்தே பார்க்காமல் வாங்கி ஓரமாக வைப்பார்களே, அதே மரியாதை. அழுத்தியது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததால் இன்னும் நாலு தடவை அழுத்தினேன். சேர்ந்திருக்கிறது. சாவகாசமாகக் கேட்டது: டிரைவர் உள்ள டிஸ்க்கை ஏ டிரைவில் போடவும்.

ஏ டிரைவ்! ஃபிளாப்பி! பென் டிரைவ் உதவாது, சிடி உதவாது, ஃபிளாப்பிதான் வேண்டுமாம். 1.44 எம்பி. என் போனில் எடுத்த பூனைப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. சோனிக்காரர்களே 2011-இல் விற்பதை நிறுத்திவிட்டார்கள்.

கேபினட்டின் முகத்தில் ஃபிளாப்பி வாய் இருக்கத்தான் செய்கிறது. உள்ளே டிரைவும் இருக்கிறது, அதன் 34 பின் பட்டைக் கேபிளும் தொங்குகிறது. புதிதாக வந்த பழைய போர்டில் அதைச் செருகும் இடம்தான் இல்லை. ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப்பையன் நான் கேட்டதை உள்ளே போய் யாரிடமோ சொன்னான்; உள்ளேயிருந்து இரண்டு பேர் எட்டி என்னைப் பார்த்தார்கள். பிறகு யுஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது, எக்ஸ்பி செட்டப் குறிப்பிட்ட சில மாடல் யுஎஸ்பி ஃபிளாப்பிகளை மட்டும்தான் மதிக்குமாம். என்னுடையது அந்தக் குலத்தில் பிறக்கவில்லை.

ஃபிளாப்பிகளாவது உருப்படியா? டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு எடுத்தேன். பாதியில் பூஞ்சை. ஒன்றின்மேல் “முக்கியம்” என்று என் கையெழுத்து. என்ன முக்கியமோ, படிக்கத்தான் வழியில்லையே.

இந்த இடத்தில்தான் என் அக்கா பையன் வந்து சேர்ந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பழைய ஃபைல்களைப் புதுக் கணினியில் திறந்தால் என்ன ஆகிறது என்று காட்டினேன். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தது அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது.

“ஃபாண்ட்டைப் போட்டா சரியாயிடும் மாமா. இதுக்கா எக்ஸ்பி?”

“அது எனக்குத் தெரியாதாடா? காரணம் வேற. சொல்றேன் இரு.”

“விர்ச்சுவல் மெஷின்ல போட்டுக்கலாமே. பத்து நிமிஷ வேலை.”

கணினிக்குள் ஒரு பொய்க் கணினியாம். அதில் எக்ஸ்பி ஓடுமாம். வாடகை வீட்டில் இருந்தது போதாதா எனக்கு? தவிர, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்துவிட்டது, பாதுகாப்பில்லை என்று ஒரு பிரசங்கம் வேறு. இதை நெட்டிலேயே இணைக்கப் போவதில்லை என்றேன். “அப்ப எதுக்கு மாமா கம்ப்யூட்டர்?” என்கிறான். வளர்ப்பு அப்படி. அக்காவிடம் சொல்ல முடியுமா?

ஆனாலும் உட்கார்ந்தான். பயாஸுக்குள் போய், ஏஎச்சிஐ என்று இருந்ததை ஐடிஇ என்று மாற்றினான். அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் வந்து நின்றது. ஃபிளாப்பி வேண்டாம், ரிச்சி தெரு வேண்டாம், எஃப் 6 வேண்டவே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை அந்த நீலத்திரையின் அடியில் எழுத இடமா இல்லை? கால்பந்து மைதானம் மாதிரி காலியாகக் கிடக்கிறது திரை.

அதன்பின் மளமளவென்று ஓடி, 25 எழுத்து கீ கேட்டது. கேபினட் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, என்ன கவலை என்று திருப்பினால், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு என் மனைவி சந்தனம் வைத்தது சரியாகக் கடைசி ஐந்து எழுத்துகள்மேல். அடுக்கடுக்காகக் காய்ந்து சிமெண்டாகியிருக்கிறது, நடுவில் குங்குமம். மிச்சத்திலும் ஒன்று பி-யா, எட்டா என்று தெரியவில்லை. குழப்பம் வரக்கூடாதென்று கீயில் பூஜ்யத்தையும் ஓ-வையும் சேர்க்காமல் விட்ட மகானுபாவர்கள், பி-யையும் எட்டையும் மட்டும் அருகருகே உலவ விட்டிருக்கிறார்கள்.

சுரண்டலாம் என்று பிளேடை எடுத்தேன்.

“ஏங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி சந்தனத்தைச் சுரண்டுவாங்களா?”

நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலமாம். பத்தரைக்கு மேல் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. பிளேடு கூடாது.