வரவேற்பு வைபவம் பற்றிய ஒரு விண்ணப்பம்

சென்னைக்கு அப்பால், நெடுஞ்சாலையோரம், வற்றிய ஏரி ஒன்றை நோக்கி எழுந்தருளியிருக்கும் நிர்வாகவியல் கல்லூரியின் டைரக்டர் அவர்கள் சமூகத்துக்கு, காரைக்குடிக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து, கூட்டுறவு வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் அனைவரும் க்ஷேமம். தாங்களும் தங்கள் ஆசிரியப் பெருமக்களும், வாசலில் பன்னீர் தெளித்த அந்த எந்திரமும் க்ஷேமமாயிருக்க வேண்டுகிறேன். அக்னி நட்சத்திரம் பிறந்த முதல் சனிக்கிழமையன்று, புதிதாக அனுமதி பெற்ற மாணவர்களுக்கென்று தாங்கள் நடத்திய வரவேற்பு வைபவத்துக்கு, லீவு கிடைக்காத மகளுக்கும் மருமகனுக்கும் பதிலாகப் பேத்தியுடன் துணைக்கு வந்தவன் நான். கிண்டியிலிருந்து ஏ.சி. பஸ் வைத்து அழைத்துச் சென்றதற்கும், இறங்கியவுடன் மோர் கொடுத்ததற்கும், கழுத்தில் 'பெற்றோர்' என்று அச்சிட்ட அட்டையை மாட்டி, நான் பதவி உயர்வு பெற்றுத் தாத்தாவாகி இருபத்திரண்டு வருஷமாயிற்று என்பதையே சற்று மறக்கச்செய்ததற்கும் முதற்கண் என் வந்தனம்.

நூற்றெட்டு டிகிரி வெயிலில், கறுப்புக் கம்பளிக் கோட்டு அணிந்து, கழுத்துப் பட்டியை இறுக்கிக் கட்டி, வியர்வை காதோரம் ஓடையாய் இறங்கினாலும் புன்னகை சற்றும் இறங்காமல் வரிசையாக நின்று கைகுலுக்கிய தங்கள் சீனியர் மாணவர்களைக் கண்டபோது, வாணிபம் கற்பதற்கு முன்னால் தபசு கற்பிக்கும் பழக்கம் இக்கல்லூரியில் இருக்கிறதென்று எண்ணி நான் மனம் நெகிழ்ந்தது உண்மை. ஆனால் உள்ளே, குளிரூட்டிய அரங்கில், முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியர்கள் எல்லாரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். தபசும் மாணவர்க்கே உரியது போலும்.

தங்கள் முகவுரையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹார்வர்டில் 1908-ல் வணிகப் பள்ளி தோன்றியதையும், 1961-ல் அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் முதலிய பெரியோர்களின் முயற்சியாலும் அந்த ஹார்வர்டின் ஒத்தாசையாலும் நமது தேசத்து நிறுவனம் எழுந்ததையும், லூயி கான் என்னும் கட்டடச் சிற்பி அங்கே செங்கல்லால் நிர்மாணித்த வளைவுகளையும் வருணித்து, அந்தப் பரம்பரையில் வந்ததே நம் கல்லூரி என்று தாங்கள் முடித்தபோது கரகோஷம் வானைப் பிளந்தது. சம்பந்தம் இன்னதென்று எனக்கு உடனே விளங்கவில்லை. வெளியே வந்து பார்க்கையில் முகப்புச் சுவரில் செங்கல் நிறத்து டைல்ஸ் பதித்திருக்கக் கண்டேன், விளங்கிற்று.

அந்த முகவுரையில், 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்' என்னும் வாக்கியம் ஒன்பது முறை வந்தது. (எண்ணுவது என் தொழில், மன்னிக்கவேண்டும்.) பேத்தியின் முகம் மலர்ந்திருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன், அவளோ கைப்பேசியில் எதையோ ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிற்பாடுதான் சொன்னாள்: அவளிடம் அப்படிப்பட்ட கடிதங்கள் மூன்று இருக்கின்றனவாம், மூன்று கல்லூரிகளும் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றனவாம், மூன்றுக்கும் முன்பணம் கட்டக் கடைசித் தேதி வெவ்வேறாம். அதில் முந்தியது தங்களுடையது, திங்கட்கிழமை. வைபவம் சனிக்கிழமையில் ஏன் அமைந்தது என்பதை அப்போது உணர்ந்தேன். பஞ்சாங்கம் பார்த்து வைத்த முகூர்த்தம் என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்!

முகூர்த்தப் பட்டு எடுக்கத் தியாகராய நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனால், மெத்தையில் உட்காரவைத்து, கலர் வரவழைத்துக் கொடுத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, குழந்தைக்கு ஒரு பலூனும் தருகிறார்கள். பக்கத்துக் கடைக்கு நாம் எழுந்து போய்விடக் கூடாதே என்கிற கவலையில் செய்கிற உபசாரம் அது. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் எந்தப் பட்டுக்கடை முதலாளியும் என்னை நோக்கி, 'ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள், எங்கள் சேலையை வாங்கும் பாக்கியத்துக்குத் தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று சொன்னதில்லை. வியாபார சாஸ்திரத்தில் எங்கள் கடைத்தெருக்காரர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதைத் தங்கள் அரங்கில்தான் கண்டுகொண்டேன்.

என் பாட்டனார் பதினான்காம் வயதில் கப்பலேறி ரங்கூனுக்குப் போனார், ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக. பெட்டியடி என்றால் பணப்பெட்டி இருக்கும் இடம். அதனருகே பாய்போட்டு உட்கார்ந்து, பேரேடு எடுத்துக் கொடுப்பதும், மை கரைப்பதும், வந்த ஆளின் முகம் பார்த்து அவன் கடனைத் திருப்புவானா மாட்டானா என்று மேலாள் தீர்மானிப்பதை வாய்திறவாமல் கவனிப்பதும் அவர் பாடத்திட்டம். மூன்று வருஷம் போய்வந்தால் அடுத்தாள் ஆகலாம். பின்னும் சமர்த்து இருந்தால் மேலாள். அந்த மூன்று வருஷத்துக்குச் சம்பளம் அவருக்குக் கொடுத்தார்கள், அவர் கொடுக்கவில்லை என்பதைத் தவிர, தங்கள் இரண்டு வருஷப் படிப்புக்கும் அதற்கும் பெரிய பேதம் எனக்குத் தெரியவில்லை. தங்கள் கட்டணம் பதினான்கு லட்சம்.

பதினொரு மணிக்கு விளையாட்டு. குழுவுக்கு நால்வர், ஒவ்வொரு குழுவுக்கும் வேகவைக்காத ஸ்பாகெட்டிக் குச்சி 20, ஒரு கஜம் நூல், ஒரு கஜம் ஒட்டுநாடா, பஞ்சுபோன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்று. பதினெட்டே நிமிஷத்தில், உச்சியில் அந்த மிட்டாயைத் தாங்கி நிற்கும் கோபுரம் கட்டவேண்டும். பேத்தியின் குழுவில் முதல் ஆறு நிமிஷம் யார் தலைவர் என்பதில் கழிந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில், ஒரு பையன் தாளில் வரைபடம் போட, மற்றவர்கள் முக்கோணம் முக்கோணமாக ஒட்டி, பார்க்க வெகு நேர்த்தியான ஒரு கோபுரத்தை எழுப்பினார்கள். கடைசி நிமிஷத்தில் மிட்டாயை உச்சியில் குத்தினார்கள். குச்சிகள் மெல்ல வில்லாய் வளைந்து, ஒரு பெருமூச்சுப் போலச் சாய்ந்து, மேஜைமேல் படுத்துக்கொண்டன. 'இதுதான் தலைமைப்பண்பு!' என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கினார்.

திரும்பும் வழியில் பேத்தி சொன்ன விஷயத்தைத் தங்களுக்குத் தெரிவிப்பது கடமை. பீட்டர் ஸ்கில்மன் என்பவர் வகுத்த அந்த விளையாட்டை டாம் வூஜெக் என்பவர் 2010-ல் டெட் மேடையில் விவரித்து உலகப் பிரசித்தமாக்கினாராம். அது பிரசித்தமானதன் காரணமே, அதில் மிக மோசமாகத் தோற்பவர்களில் வணிகப் பள்ளியிலிருந்து புதிதாக வெளிவந்த பட்டதாரிகள் முக்கியமானவர்கள், அவர்களைவிடப் பாலர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகக் கட்டுகிறார்கள் என்பதுதானாம். குழந்தைகள் முதலிலேயே மிட்டாயைக் குச்சியில் குத்திப் பார்த்துவிடுகிறார்களாம். தங்கள் சரக்கைப் பற்றிய இவ்வளவு பாதகமான சாட்சியத்தை, வாங்க வந்தவர்களின் கையிலேயே கொடுத்து, நிரூபித்தும் காட்டச்சொன்ன தங்கள் நேர்மையை நான் வியக்கிறேன், தெரிந்து செய்ததாயின்.

போஜனம் முடிந்து, பெற்றோர்க்கென்று தனி அமர்வு. திரையில் 'சராசரி ஊதியம் வருஷத்துக்கு 12 லட்சம், உச்சம் 64 லட்சம்' என்று தோன்றிற்று. என் பக்கத்தில் ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார், பன்னிரண்டை இரண்டால் பெருக்கி, அதைக் கட்டணத்தோடு ஒப்பிட்டு, திருப்தியோடு தலையசைத்தார். பழைய பழக்கத்தினால் நான் அழைப்பிதழின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆறு லட்சம், ஒருவனுக்கு மட்டும் 64 லட்சம், மொத்தம் 118, சராசரி 11.80 லட்சம். அந்த 11.80 லட்சத்தை வாங்கும் பிள்ளை அந்தப் பத்துப் பேரில் யாருமில்லை. எழுந்து, 'வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?' என்று வினயமாகக் கேட்டேன். 'மெயில் பண்ணிடறோம் சார்' என்றார்கள். என் மெயில் விலாசத்தை ஒருவரும் கேட்கவில்லை. அகமதாபாத் நிறுவனம் வேலைவாய்ப்பு அறிக்கைக்கென்று ஓர் ஒழுங்கை வகுத்து, வெளியாரைக்கொண்டு தணிக்கையும் செய்விக்கிறதாகப் பேத்தி சொல்கிறாள். பரம்பரையைச் சேர்ந்தவர்கள் டைல்ஸோடு அதையும் வாங்கிக்கொள்ளலாம்.

வெளியே தாழ்வாரத்தில் வங்கிக்காரர்களின் மேஜை. ஏழரை லட்சம் வரை ஈடு வேண்டியதில்லை, அதற்குமேல் பொதுவாக வீட்டுப் பத்திரம் வேண்டியிருக்கும் என்று ஓர் இளைஞர் விளக்கினார். ஏழரைக்குப் பிறகுதான் வீடு வாசல் போகும் என்பதை எங்கள் ஊர் ஜோசியர் வேறு விதமாகச் சொல்வார்.

அதற்கு அடுத்த மேஜையில்தான் விபரீதம் நடந்தது. 'இன்றே முன்பணம் கட்டுவோர்க்கு விடுதியில் ஏ.சி. அறை முன்னுரிமை' என்று பலகை வைத்திருந்தது; ஆடித் தள்ளுபடி மேயிலேயே வந்துவிட்டதாக்கும் என்று நான் சிரித்துக்கொண்டிருக்கையில், மகள் ஆபீஸிலிருந்தபடியே கைப்பேசியில் ஐம்பதாயிரம் ரூபாயை அனுப்பிவிட்டாள். ஒரு படிவத்தில் பேத்தியும் நானும் கையெழுத்திட்டோம். அதன் அடியில், கொசுவின் காலளவு எழுத்தில், 'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்ததை வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் முதலான அசல்களையும் 'சரிபார்க்க' என்று வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே, இத்தனை நேரம் தங்கள் பொறுமையைச் சோதித்ததன் விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி வேறிடத்தில் சேர உத்தேசித்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். 'அங்கே நடுப் பிள்ளையோட சம்பளத்தையும் போட்டிருக்காங்க ஐயா' என்றாள். தங்களுக்கு அங்கீகாரம் வழங்கியிருக்கும் ஏ.ஐ.சி.டி.இ. என்னும் சபையின் விதி, வகுப்புத் தொடங்குமுன் விலகும் மாணவரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாமல் செலவுக்குப் பிடித்துக்கொண்டு பாக்கி முழுவதையும் திருப்ப வேண்டுமென்றும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாகாது என்றும் கூறுகிறது. கொசுக்காலெழுத்து அந்த விதியைவிடப் பெரிதா என்பது எனக்குத் தெரியாது; அளவில் சிறிதுதான். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 49,000 ரூபாயை, கட்டிய அதே கணக்குக்கு அனுப்பிவைக்கப் பிரார்த்திக்கிறேன். மோருக்கும் பஸ்ஸுக்கும் அந்த ஆயிரத்திலேயே நேர்செய்துகொள்ளலாம். மிச்சம் வந்தால், கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தாழ்மையுள்ள,
'பெற்றோர்' அட்டை அணிந்தவன்

பின்குறிப்பு: வாசல் காவலாளியிடம் ஒப்படைத்த என் குடையை, பஸ் புறப்படும் அவசரத்தில் வாங்க மறந்துவிட்டேன். கைப்பிடியில் கறுப்பு நூல் சுற்றிய பழைய குடை. அன்று தங்கள் வளாகத்தில் நான் கொடுத்த வஸ்துக்களில் ரசீது கிடைத்தது அது ஒன்றுக்குத்தான். டோக்கன் எண் 47 இத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது.