பனியிலே டூட்டிக்குப் போற பேத்திக்குப் பாட்டா சொன்ன புத்தி

மக்ளே, கிளாஸ்கோவிலே பனி கோரிக் கொட்டுது, நாளைக்குக் காலத்தே ஆஸ்பத்திரி டூட்டிக்கு எங்ஙனே போவேன்னு எங்கிட்டயா கேக்குதே? கொள்ளாம். அமரவிளையிலே பிறந்து, ஐஸை மீன்பெட்டியிலே மட்டும் கண்ட கிழவன்கிட்டே பனிக்கு வழி கேக்குத பேத்தி எனக்குத்தான் வாய்ச்சிருக்கா. போகட்டும். கேட்டாச்சு, சொல்லாம விட்டா எனக்கு உறக்கம் வராது.

முதல்லே ஒண்ணு மனசிலாக்கு. டூட்டிக்குள்ள வழி அன்னைக்குக் காலத்தே திறக்காது. முந்தின நாள் சாயங்காலமே திறந்து, ராத்திரி அடைஞ்சுபோவும். 2021 நவம்பர் 13 மழை ஓர்மையிருக்கா? பாறசாலைப் பக்கம் தண்டவாளத்திலே மண்ணு சரிஞ்சு ரெயில் நின்னுபோச்சு. நெய்யாற்றின்கரை மூணுகல்லின்மூட்டிலே ஹைவே பாலத்துக்க பக்கம் இடிஞ்சு வண்டியெல்லாம் சுத்திப் போச்சு. 1979-லே இந்த ரெயில் பாதை வந்த பொறவு, திருவனந்தபுரம்னா அடுத்த வளவுன்னு நினைச்சிருந்த நம்ம ஆளுகளுக்கு அன்னைக்குத்தான் தூரம் தெரிஞ்சுது.

நம்ம கிழக்கு வீட்டு நர்ஸ் பிள்ளை மட்டும் மானம் கறுத்ததைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமையே ரெயிலேறிப் போய், கூட்டுக்காரிக்க அறையிலே படுத்துக்கிட்டா. மறுநாள் நேரத்துக்கு வார்டிலே நின்னா. அவளை ஒருத்தரும் வீரின்னு சொல்லல்லே. சொல்லுததுக்கு ஒண்ணும் நடக்கல்லியே! அதுதான் மிடுக்கு. வீர சாகசமெல்லாம் செய்தது, இடிஞ்ச பாலத்தைக் காணப் போன பாதி ஊருதான். வெள்ளத்துக்கு முன்னாலே நின்னு செல்ஃபி எடுக்கதும் அவசரச் சோலின்னு நான் அன்னைக்குத்தான் அறிஞ்சேன்.

உங்க ஊரும் இதுக்குக் குறைச்சல் இல்லை. 2018 பெப்ருவரி 28-லே ஸ்காட்லாந்துக்குப் பனிக்குச் சிவப்பு எச்சரிக்கை குடுத்து, வீட்டிலே இருங்கன்னு சொன்னாவ. அன்னைக்கு ராத்திரி கிளாஸ்கோவுக்கு அங்கிட்டு எம்80 ரோட்டிலே நூத்துக்கணக்கிலே வண்டி மாட்டி, ஆளுக காருக்குள்ளேயே விடிய விடிய இருந்தாவ. அதிலே யாரு நர்ஸு, யாரு சும்மா ஒண்ணு போயிட்டு வருவோம்னு கிளம்பினவன்னு நான் எண்ணல்லே. ஆனா சும்மாக்காரன் ஒருத்தன் குறுக்கே நின்னா, பொறத்தாலே ஆம்புலன்ஸும் சும்மாத்தான் நிக்கணும். சோலியில்லாதவன் வீட்டிலே கிடக்கதும் ஒரு சேவைதான். உனக்க மாமன் அதை வருசக்கணக்கா செய்யான், ஒரு மெடலும் கிட்டல்லே.

அந்தப் பனியிலேதான் ஒரு சர்ஜன் அம்மா எட்டு மைல் நடந்து பெய்ஸ்லி ஆஸ்பத்திரிக்குப் போய், கேன்சர் ஆப்பரேஷன் செய்தா. கும்பிடுதேன் அவளை. அதுக்காக நீ மினுக்குச் செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிராதே. வழியிலே நீ காலொடிஞ்சு கிடந்தா, வார்டிலே நர்ஸிலே ஒண்ணு குறையும், கட்டிலிலே நோயாளியிலே ஒண்ணு கூடும்.

பனிக்கக் குணம் அறிஞ்ச ஒருத்தரு நமக்கும் உண்டு. காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்கு யாருக்க பேரு? சோமர்வெல் டாக்டருக்க பேரு. 1922-லேயும் 1924-லேயும் எவரெஸ்டு ஏறப் போனவரு. 1924-லே மேலே மாட்டிக்கிட்ட நாலு சுமட்டுக்காரங்களை இறக்க, கூட வந்த மல்லரியும் நார்ட்டனும் அவரும் கயிறு கட்டிக்கிட்டுத் திரும்ப ஏறினாவ. பொறவு சிகரத்தை நோக்கிப் போறப்ப, 28,000 அடிப் பக்கத்திலே தொண்டை சதி பண்ணிச்சு. நீ போன்னு நார்ட்டன்கிட்டே சொல்லிட்டு அவரு இருந்துட்டாரு. ஆளுக உயிருன்னா ஏறினாரு. உடம்பு போதும்னா நின்னாரு. அங்ஙனே நிக்கத் தெரிஞ்சதுனாலேதான், நெய்யூர் ஆஸ்பத்திரியிலே அத்தனை வருசம் நம்ம ஆளுகளுக்க வயித்துப் புண்ணைக் கீறித் தைக்க ஒரு டாக்டர் மிஞ்சினாரு.

அதனாலே இப்பமே பையைக் கட்டு. மாத்துத்துணி, ரெண்டு ஜோடி காலுறை, சார்ஜர், ரெண்டு நேரத்துக்குச் சோறு. ஆஸ்பத்திரியிலே படுக்க இடமுண்டான்னு கேளு. இல்லேன்னா பக்கத்திலே இருக்க கூட்டுக்காரிகிட்டே கேளு. அங்க ரோட்டுப் பனிக்கு உப்பு விதறுத லாரிக்கெல்லாம் பேரு வைச்சு, அது எந்த ரோட்டிலே ஓடுதுன்னு போனிலே காட்டுவாவளாமே! ஒண்ணுக்குப் பேரு சர் ஆண்டி ஃப்ளரியாம். இங்க பஸ்ஸு எங்க வருதுன்னு டிரைவருக்கே நிச்சயமில்லை. அந்த உப்புக்காரன் போன ரோட்டையே பிடிச்சுப் போ. உன்னை ஆஸ்பத்திரியிலே சேர்க்கவன் அவன். வழியிலே கண்டா கை காட்டு.

வீட்டிலே கம்பளிக்குள்ளே கிடந்துக்கிட்டு, எல்லாரும் கட்டாயம் வரணும்னு மெசேஜ் அனுப்புத ஒரு மேலதிகாரி எல்லா ஊரிலயும் உண்டு. மரியாதையா, 'வண்டி எத்தனை மணிக்கு வரும் சார்'னு ஒரு பதில் போடு. வண்டி வந்தா நீ அவசியமானவ. பதிலே வரல்லேன்னா, அவரு உறங்கிட்டாருன்னு வைச்சுக்கோ.

பனி உருகின பொறவு புகழுவாவ. 2020-லே கொரோனாவுக்கு இங்க தட்டத்தைத் தட்டினாவ, அங்க கையைத் தட்டினாவ. தட்டுதவனைத் தடுக்காதே, சிரிச்சு வாங்கிக்கோ. ஆனா மாசக் கடைசியிலே சம்பளச் சீட்டிலே ஓவர்டைம் ஏறியிருக்கான்னு கண்ணாடி போட்டுப் பாரு மக்ளே.